யமுனைக் கரை முகாமின் படிப்பு மையம்: ஐந்துக்கு எழுத்துக்கு 4, மனசுக்கு இரண்டரை

தென்கிழக்கு டில்லியில், பர்மாவிலிருந்து (மியான்மர்) வந்த ரோஹிங்கியா அகதிகள் வசிக்கும் ஒரு ஜுக்கி (குடிசை)க் குடியிருப்பு. அங்கே இருப்பவர்களே நடத்தும் மையம் இது. பெயரையும் தெருவையும் வேண்டுமென்றே எழுதவில்லை. இந்தியா 1951 அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடாத நாடு, ஐ.நா. தரும் அகதி அட்டை கையில் இருந்தாலும் போலீஸ் விசாரணை வந்தால் இந்த ஜனங்கள் பதறித்தான் போவார்கள். பொங்கல் நெருங்கினால் மயூர் விஹார், ஜனக்புரி பக்கத் தமிழ்க் குடும்பங்கள் ‘அங்கே ஏதாவது கொடுக்கலாமா, சனிக்கிழமை போய்ச் சொல்லித்தரலாமா’ என்று கேட்பதுண்டு. இந்த மதிப்பீடு அவர்களுக்கு.

மூங்கில் சட்டம், தார்ப்பாய்ச் சுவர், தகரக் கூரை, 12 அடிக்கு 20 அடி இடம். காலை, மாலை என்று இரண்டு ஷிஃப்ட். ஒரு ஷிஃப்டுக்கு 30, 35 பிள்ளைகள். வயசைப் பார்த்து உட்கார வைப்பதில்லை. முதல் நாள் நான்கு அட்டைகளைக் காட்டுகிறார்கள்: எழுத்து, சொல், நான்கு வரிப் பத்தி, சின்னக் கதை. எந்த அட்டையில் பிள்ளை திக்குகிறதோ அதுதான் அதன் குழு. ஆறு வாரத்துக்கு ஒருமுறை மறுபடி சோதனை. இதில் ஒரு சிக்கல் உண்டு. பழைய சாமான் பிரிக்கிற 13 வயதுப் பையன் ஏழு வயதுக் குட்டிகளோடு உட்கார மாட்டான், மூன்றாம் நாளே நின்றுவிடுவான். அதற்காகப் பெரிய பிள்ளைகளுக்கு மாலை ஆறரைக்குத் தனி வேளை வைத்திருக்கிறார்கள். சரியான முடிவு.

இந்த மையத்தின் உயிர் அந்த முகாமிலேயே வசிக்கும் இரண்டு ஆசிரியர்கள்தான். தண்ணீருக்கு இந்தியில் ‘பானி’, ரோஹிங்கியா மொழியில் ‘ஃபானி’. பிள்ளை இந்தி நோட்டிலும் அப்படியே எழுதும். வெளியிலிருந்து வருகிற தன்னார்வலர் சிவப்பு மையில் அடித்துவிட்டு ‘எழுத்தே தெரியவில்லை’ என்பார். முகாம் ஆசிரியருக்கு அது எழுத்துப் பிழை இல்லை, ஒலி வித்தியாசம் என்று தெரியும். ‘ப’வில் தொடங்கும் பத்து இந்திச் சொற்களை வரிசையாகச் சொல்லவைத்து, வீட்டுச் சொல்லையும் பள்ளிச் சொல்லையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதவைக்கிறார். ஒரே ‘க’வை வைத்துக்கொண்டு இந்தியின் நான்கு ‘க’வோடு மல்லுக்கட்டிய டில்லித் தமிழ்ப் பிள்ளைகளைப் பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்று புரியும். தமிழ்நாட்டு முகாம்களில் இலங்கைத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இந்தத் தொல்லை இல்லை, அரசுப் பள்ளியும் தாய்மொழியில்தான். அங்கே 1984 முதல் ஓஃபர் என்கிற ஈழ அகதிகள் மறுவாழ்வு அமைப்பு அகதிகளை வைத்தே அகதிகளுக்கான வேலையைச் செய்துவருகிறது. இங்கே மொழி என்கிற கூடுதல் மதிலையும் தாண்ட வேண்டும்.

அடுத்தது பள்ளிச் சேர்க்கை. கல்வி உரிமைச் சட்டம் 2009-இன்படி 6 முதல் 14 வயது வரை எந்தப் பிள்ளையையும் வயதுச் சான்று இல்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது. நடைமுறையில் ஆதார் எங்கே, வங்கிக் கணக்கு எங்கே என்று கேட்டே திருப்புகிறார்கள். ரோஹிங்கியா பிள்ளைகள் முதலில் பள்ளியை அணுகட்டும், மறுத்தால் உயர் நீதிமன்றம் போகலாம் என்று 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. மையம் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கிறது: விண்ணப்பம் இரண்டு பிரதி, ஒன்றில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையும் தேதியும். வாய்வார்த்தை மறுப்பை ஏற்பதில்லை, எழுதிக் கேட்கிறார்கள். சேர்ந்த பிறகுதான் அடுத்த கண்டம். 11 வயதுப் பிள்ளையை வயசுக்கேற்ப ஆறாம் வகுப்பில் போடுவார்கள், வாசிக்க வராது, சில மாதத்தில் நின்றுவிடும். இப்படிப்பட்ட பிள்ளைகள் வகுப்பை எட்டிப்பிடிக்கச் சட்டம் சொல்லும் சிறப்புப் பயிற்சியை எழுத்தில் கேட்டு வாங்குவதில் மையம் இன்னும் பின்தங்கியே இருக்கிறது.

மனநலப் பகுதிக்கு வருவோம். வியாழன் மதியம் பெண்கள் கூடுகிறார்கள். பயிற்சி பெற்ற முகாம் பெண்கள் இருவர் பேச்சைக் கேட்கிறார்கள். பார், கேள், உதவியிடம் சேர்த்துவிடு என்கிற உலக சுகாதார நிறுவன முறை. குறை அந்தப் பெண்களிடம் இல்லை, சுவரில் இருக்கிறது. தார்ப்பாய்க்கு அந்தப் பக்கம் டீக்கடை. அதனால் இரண்டு தையல் மெஷினை ஓடவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் பேசுகிறார்கள். கெட்டிக்காரத்தனம்தான், ஆனால் கணவன் அடிப்பதைச் சொல்ல அது போதாது. கதவு உள்ள ஒரு சின்ன அறை வேண்டும். மருத்துவரிடம் அனுப்ப வேண்டுமானால் யமுனைக்கு அந்தப் பக்கம் தில்ஷாத் கார்டனில் இருக்கும் இஹ்பாஸ் மனநல மருத்துவமனைதான். ஒரு நாள் கூலி போகும், மொழிபெயர்க்க ஓர் ஆளும் கூடவர வேண்டும். முதல் சந்திப்புக்குப் போகிறவர்கள் இரண்டாவதற்குப் போவதில்லை. இந்தி பேசும் இளைஞர்களுக்கு டெலி மானஸ் என்கிற அரசு மனநலத் தொலைபேசி உதவி எண் 14416 உதவும், அம்மாக்களுக்கு அந்த வழியும் இல்லை. இன்னொன்று: வருகிற தன்னார்வலர்கள் ‘பர்மாவில் நடந்ததை வரைந்து காட்டு’ என்று பிள்ளைகளிடம் கேட்பதை மையம் தடுக்க வேண்டும். கிளறிவிட்டு நாம் போய்விடுவோம், ராத்திரி அலறுவது அந்தப் பிள்ளை.

கொடுக்க நினைப்பவர்களுக்கு: பழைய துணி வேண்டாம், கோணி கோணியாகக் கிடக்கிறது. நோட்டும் போதும். 75 சதவீத நிழல் தரும் பச்சை வலை வாங்கிக் கொடுங்கள். தகரத்தின் மேல் ஒட்டிப் போட்டால் பயனில்லை, ஓரடி மேலே மூங்கிலில் இழுத்துக் கட்டினால்தான் இடையில் காற்று ஓடும். இப்போது கூரையில் ஈரச் சாக்கு போடுகிறார்கள். மே மாதத்தில் லூ என்கிற வறண்ட அனல் காற்றில் அது குளிர்விக்கும், ஜூலைப் புழுக்கத்தில் ஈரம் காயாது, நாற்றம்தான் மிச்சம். நெருப்பணைக்கும் மணல் வாளிகள் நான்கு இருக்கின்றன, இரண்டில் பீடித்துண்டு. 2021 ஜூனில் மதன்பூர் காதர் முகாம் எரிந்து சாம்பலானதைப் பார்த்த ஊரில் இது மன்னிக்க முடியாத அலட்சியம். அகதி அட்டைகளையும் தடுப்பூசிச் சீட்டுகளையும் ஃபோனில் படம் எடுத்து வெளியே ஒருவரிடம் வைத்திருப்பது மட்டும் ஆறுதல்.

சொல்லித்தர வருபவர்கள் குறைந்தது மூன்று மாதம், ஒரே கிழமை, ஒரே குழு என்று ஒப்புக்கொண்டு வாருங்கள். வெள்ளி மதியம் விடுமுறை. பிள்ளைகளை ஃபோட்டோ எடுக்கக் கூடாது. பெண்கள் கூடும் வியாழனில் ஆண்கள் மாலை ஐந்துக்கு முன் போக வேண்டாம்.