தரம் 1 விண்ணப்பப் படிவத்தைக் காசு கொடுத்து வாங்காதீர்கள்

நேற்று வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில், எங்களை ஏமாற்றிய அதே போட்டோக்கொப்பிக் கடையில் ஒரு கணவனும் மனைவியும் பிள்ளையின் பாஸ்போர்ட்டை நீட்டிக்கொண்டு நின்றார்கள். அந்தப் பெண்ணைத் தனியாகக் கூப்பிட்டு "வேண்டாம் தங்கச்சி" என்று சொன்னேன். ஏதோ தொழில் போட்டியில் சொல்கிறேன் என்று நினைத்தாளோ என்னவோ, முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எங்கள் முட்டாள்தனமும் வெளியே வரும் என்பதால் இத்தனை நாள் எழுதாமல் இருந்தேன், இப்போது எழுதிவிடுகிறேன்.

நான் திருச்சிக்காரி. கணவர் திருகோணமலை. கல்யாணத்துக்கு அப்புறம் ஒன்பது வருடம் தோஹாவில் இருந்தோம், மகன் பிறந்ததும் அங்கேதான். மே மாதக் கடைசியில் கொழும்புக்கு வந்து இறங்கினோம். எங்கள் ஊரில் எல்.கே.ஜி.யில் ஓர் இடம் பிடித்துவிட்டால் அப்படியே மேலே போய்க்கொண்டிருக்கலாம், பள்ளியும் ஜூனில் திறக்கும். இங்கே இலங்கையில் அரசுப் பள்ளிக்கு தரம் 1இல், அதாவது ஒன்றாம் வகுப்பில்தான் சேர்ப்பார்கள், சேரும் வருடம் ஜனவரி 31இல் பிள்ளைக்கு 5 வயது நிறைந்திருக்க வேண்டும், ஆனால் விண்ணப்பம் அனுப்பும் காலம் முந்தைய வருட நடுவிலேயே முடிந்துவிடும். இது எனக்கும் தெரியாது, வெளிநாட்டிலேயே கிடந்த அவருக்கும் தெரியாது. வீட்டுக்கார அக்காதான் பதறிப்போய், "இன்னும் போடேல்லையா? அந்தக் கடை அங்கிளிட்டப் போங்கோ, அவருக்கு எல்லாம் தெரியும்" என்றார். அக்காவைக் குறை சொல்ல மாட்டேன், அவரும் யாரோ சொன்னதைத்தான் சொன்னார்.

அங்கிள் முதலில் விண்ணப்பப் படிவம் என்று ஒன்றை 2,500 ரூபாய்க்குத் தந்தார். "ஒரிஜினல்" என்றார். அப்படி ஒரு ஒரிஜினலே கிடையாது! கல்வி அமைச்சு வருடாவருடம் வெளியிடும் சுற்றுநிருபத்தில் (எங்கள் ஊரில் சுற்றறிக்கை என்போம்) மாதிரிப் படிவம் இருக்கிறது, தமிழிலும் இருக்கிறது, அதைப் பார்த்து நாமே தாளில் தயாரித்துக்கொள்ள வேண்டியதுதான். 1945இலிருந்து இலவசக் கல்வி நடக்கும் நாட்டில் படிவத்தை விலைக்கு வாங்கிய பெருமை எங்களுக்கு.

அது போகட்டும், 2,500 ரூபாய்தான். உண்மையான அடி எங்கே விழுந்தது என்றால், அந்தச் சுற்றுநிருபத்தில் இடங்களை வகை வகையாகப் பிரித்திருக்கிறார்கள்: பள்ளிக்கு அருகில் குடியிருப்பவர்களுக்கு 50 வீதம், பழைய மாணவரின் பிள்ளைகளுக்கு 25, ஏற்கெனவே படிக்கும் பிள்ளையின் தம்பி தங்கைகளுக்கு 15, கல்வித் துறையில் வேலை செய்பவர்களுக்கு 5, இடமாற்றம் பெற்று வரும் அரச அலுவலர்களுக்கு 4, கடைசியாக, பிள்ளையோடு வெளிநாட்டில் வசித்துவிட்டுத் திரும்பியவர்களுக்கு 1. அந்தக் கடைசி வரி எங்களுக்காகவே எழுதியது போல இருக்கிறது. அதை எங்களுக்குக் காட்டியதே அங்கிள்தான், காட்டிவிட்டு அவரே சிரித்தார். "நூறு பேர் எடுத்தா ஒராள், லொத்தர் மாதிரித் தங்கச்சி. தூரக் கணக்கில போடுவம், நான் அலுவல் பாக்கிறன்."

தூரக் கணக்கு என்றால் அருகில் குடியிருப்பவர்களுக்கான அந்த 50 வீதம், ஆனால் வீடு பக்கத்தில் இருந்தால் மட்டும் போதாது. முந்தைய 5 வருட வாக்காளர் இடாப்பில் பெயர் இருக்கிறதா என்று பார்த்துப் புள்ளி போடுவார்கள், சொந்த வீட்டுப் பத்திரமோ குத்தகைப் பத்திரமோ கேட்பார்கள், உங்கள் வீட்டுக்கு இன்னும் கிட்டே வேறு பள்ளிகள் இருந்தால் அதற்கும் புள்ளி வெட்டுவார்கள். தோஹாவில் இருந்தவர்களின் பெயர் கொழும்பு இடாப்பில் எப்படி இருக்கும்? கேட்டோம். பழைய திகதி போட்டுக் குத்தகைப் பத்திரம் எழுதித் தருவதாகவும், பள்ளிக் கட்டட நிதிக்கு என்று மூன்று லட்சம், அதில் பாதி முன்பணம் என்றும் சொன்னார். பொய்ப் பத்திரம் என்று பிடிபட்டால் பிள்ளை சேர்ந்த பிறகும் அனுமதியை ரத்துச் செய்யலாம் என்று அதே சுற்றுநிருபம் சொல்கிறது. நாங்கள் படிக்கவில்லை. பயம்தான் காரணம், வேறென்ன. ஒன்றரை லட்சத்தை எண்ணிக் கொடுத்தோம், ரசீது கேட்க வெட்கப்பட்டோம்.

விண்ணப்பத்தைப் பதிவுத் தபாலில்தான் அதிபருக்கு அனுப்ப வேண்டும். அங்கிளோ, "தபாலில போட்டா மூட்டையோட மூட்டையாக் கிடக்கும், நான் ஒபிஸுக்குள்ளேயே குடுக்கிறன்" என்று உறையை வாங்கி மேசை லாச்சிக்குள் வைத்தார். அந்த லாச்சியைத் தாண்டி அது போகவே இல்லை என்று நினைக்கிறேன்.

நேர்முகப் பரீட்சைக்குக் கடிதம் வரவில்லை. கேட்டால் "வரும், வரும்". பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு வந்துவிட்டது என்று தெரிந்த அன்று நானே பள்ளிக்குப் போனேன். அலுவலகத்தில் இருந்த அம்மா பொறுமையாகப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "உங்கட பேரில ஒண்டும் வரேல்லையே, தபால் துண்டு இருக்கா?" என்றார். துண்டு ஏது? தற்காலிகப் பட்டியல் வந்ததும் மேன்முறையீடு செய்யலாம்தான், ஆனால் விண்ணப்பமே இல்லாதவர் எதை வைத்து மேன்முறையீடு செய்வது? அந்த 1 வீதத்தில் போட்டிருந்தால் கிடைத்திருக்குமோ கிடைத்திருக்காதோ, கேட்கும் உரிமையாவது இருந்திருக்கும். மகன் வெளிநாட்டில் பிறந்ததால் அவனுடைய குடியுரிமைப் பதிவைத் தூதரகம் மூலமாக முன்பே முடித்து வைத்திருந்தோம், பாஸ்போர்ட்டில் போன வந்த முத்திரை எல்லாம் இருந்தது. எல்லாம் கையில் வைத்துக்கொண்டு கோட்டை விட்டோம்.

பொலிசுக்குப் போகலாமா என்று கொழும்பில் நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடைப் பகுதியில் வேலை செய்யும் சட்டத்தரணி ஒருவரைக் கேட்டோம். லஞ்சம் கொடுப்பதும் குற்றம்தான், பள்ளிக்காரருக்குக் கொடுக்கச் சொல்லித்தானே பணம் கொடுத்தீர்கள் என்று திருப்பிக் கேட்டார். இந்தப் பயத்தை வைத்துத்தான் இவர்கள் பிழைக்கிறார்கள். கணவர் நடையாய் நடந்து அங்கிளிடமிருந்து 40,000 திரும்ப வாங்கினார். மிச்சம் தீபாவளிக்கு என்றார் அங்கிள், தீபாவளியும் போய்விட்டது.

மகன் இப்போது இடம் காலியாக இருந்த ஒரு சின்னப் பள்ளியில் படிக்கிறான். வலயக் கல்விக் காரியாலயத்தில் கேட்டபோது அவர்களே சொன்ன பள்ளி அது, ஐந்து காசு யாரும் கேட்கவில்லை. டீச்சர் தங்கமானவர்.

உங்களிடம் யாராவது முன்பணம் கேட்டால் லஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் இலக்கம் 1954, கொடுப்பதற்கு முன்னால் அழையுங்கள். விண்ணப்ப உறையை யார் கையிலும் கொடுக்காமல் நீங்களே தபாலகத்துக்குக் கொண்டுபோங்கள், துண்டைப் பத்திரமாக வையுங்கள். மாதிரிப் படிவம் கிடைக்கவில்லை என்றால் என்னைக் கேளுங்கள், வீட்டில் மிச்சம் இருக்கிறது, அந்த 2,500 ரூபாய்க்கு மூன்று பிரதி தந்திருந்தார்.