கோர்–2022: ஆய்வு அறநெறிக்கான கனடிய இணையப் பாடம் பற்றிய ஒரு மதிப்பீடு

கனடியப் பல்கலைக்கழகங்களில் சமூகப்பணி, சமூகவியல், கல்வியியல் போன்ற துறைகளில் முதுநிலை ஆய்வைத் தொடங்கும் மாணவர், ஆட்களைச் சந்தித்துப் பேசுவதற்கு முன் பெரும்பாலும் முடித்திருக்க வேண்டியது கோர்–2022 என்ற இணையப் பாடமாகும். ஆய்வு அறநெறிக்கான கனடிய நிபுணர் குழு நடத்தும் இப்பாடத்துக்குக் கட்டணம் கிடையாது. ஒன்பது அலகுகளையும் அவற்றைத் தொடர்ந்து வரும் வினாப் பயிற்சியையும் முடித்தவர்களுக்குப் பெயர் பொறித்த சான்றிதழ் கிடைக்கிறது. இடையில் நிறுத்திவிட்டுப் பிறகு விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஒரே மாலையில் பக்கங்களைத் தள்ளித் தள்ளி முடிப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சான்றிதழ் கிடைத்துவிடும்; பல்கலைக்கழகத்தின் அறநெறிக் குழு, ஆய்வுக்கு அனுமதி கேட்கும் முதல் விண்ணப்பத்தைக் கேள்விகளோடு திருப்பி அனுப்பும்போதுதான் பாடத்தை மறுபடி திறப்பார்கள்.

பாடத்தின் அடிப்படை, கனடாவின் மூன்று கூட்டாட்சி ஆய்வு நிதி முகமைகள் சேர்ந்து வெளியிட்ட கொள்கை அறிக்கை. 1998 இல் முதலில் வந்து, 2010 இல் இரண்டாம் பதிப்பாக மாற்றியெழுதப்பட்டு, கடைசியாக 2022 இல் திருத்தப்பட்ட அந்த அறிக்கை, மனிதரை மதித்தல், அவருடைய நலனில் அக்கறை, நீதி என்ற மூன்று கொள்கைகளின் மேல் நிற்கிறது. இந்த மூன்றையும் அறிவிப்புப் பலகை போல மாட்டிவிட்டு நகராமல், ஒவ்வொரு அலகிலும் ஒரு சூழ்நிலையைத் தந்து நம்மையே தீர்மானிக்கச் செய்வதுதான் பாடத்தின் பலம்.

எந்த ஆய்வுக்கு அறநெறிக் குழுவின் அனுமதி வேண்டும், எதற்கு வேண்டாம் என்று பேசும் அலகு இதற்கு நல்ல சான்று. பொது இடத்தில் நடப்பதை அவதானிக்கும்போது, ஆய்வாளர் தாமாக எதையும் நிகழ்த்தாமலும், அங்கிருப்பவர்கள் அந்தரங்கத்தை நியாயமாக எதிர்பார்க்காமலும், வெளியிடப்படும் முடிவுகளில் தனிநபர் அடையாளம் தெரியாமலும் இருந்தால் அனுமதி தேவையில்லை. ரொறன்ரோவில் ஒரு கோயில் தேர்த்திருவிழாவில் தெருவோரம் நின்று கூட்டத்தைக் கவனிக்கும் மாணவருக்கு இது பொருந்தக்கூடும். அதே கோயில் தொண்டர்களின் வாட்ஸ்அப் குழுவில் உறுப்பினராக இருந்துகொண்டு அங்கே பேசப்படுவதைக் குறிப்பெடுத்தால் கணக்கு வேறு, ஏனென்றால் அங்கே எழுதுபவர்கள் தங்களுக்குள்தான் பேசிக்கொள்கிறோம் என்று நம்புகிறார்கள். பாடத்தை ஊன்றிப் படித்தவர் இந்த வேறுபாட்டைத் தாமே கண்டுகொள்வார்.

ஒப்புதல் பற்றிய அலகே எனக்கு மிகவும் பயன்பட்டது. ஒப்புதல் என்பது தொடக்கத்தில் ஒருமுறை வாங்கிக் கோப்பில் வைக்கும் தாள் அல்ல, ஆய்வு முடியும்வரை உயிரோடு வைத்திருக்க வேண்டிய ஓர் உடன்பாடு என்பதை அது அழுத்தமாகச் சொல்கிறது. பங்கேற்பாளர் காரணம் சொல்லாமல் எப்போதும் விலகலாம். விலகினார் என்பதற்காக, அதுவரை அவருக்குச் சேர வேண்டிய தொகையை நிறுத்திவைக்கக் கூடாது. இவற்றோடு, கொள்கை அறிக்கை கையெழுத்தை மட்டும் ஒப்புதலின் சான்றாகக் கொள்வதில்லை என்பது நம் சமூகத்தில் ஆய்வு செய்பவர்களுக்குப் பெரிய உதவி. ரொறன்ரோவின் ஸ்காபரோவில் ஓர் அடுக்குமாடி வீட்டில், நேர்காணலுக்கு மனமுவந்து அழைத்திருந்த முதியவர் ஒருவர், ஒப்புதல் படிவத்தை மேசையில் வைத்ததும் கதிரையைச் சற்றுப் பின்னால் தள்ளிக்கொண்டு, “பிள்ளை, இதிலை கையெழுத்து வைச்சா மகன்ரை கேஸுக்கு ஏதும் வருமோ?” என்று கேட்டார். அகதி விண்ணப்பம், விசாரணை, மேன்முறையீடு என்று ஆண்டுக்கணக்கில் தாள்களோடு வாழ்ந்தவர்களுக்குக் கையெழுத்து என்பது ஓர் ஆபத்தின் பெயர். அப்படிப்பட்ட இடத்தில் விபரங்களை வாய்மொழியாக விளக்கி, ஒப்புதலையும் வாய்மொழியாகப் பெற்று, அதை ஆய்வாளர் முறையாகப் பதிவுசெய்து வைக்கலாம். இதை விண்ணப்பத்திலேயே காரணத்தோடு எழுதிவிடுவது நல்லது.

இரகசியம் காப்பது பற்றிய அலகு தெளிவாக இருக்கிறது, ஆனால் போதாது. வாக்குறுதியின் எடை தெரிய வேண்டுமானால் கனடாவிலேயே நடந்த இரண்டு நிகழ்வுகளைக் கூடவே படிக்க வேண்டும். 1994 இல் சைமன் பிரேசர் பல்கலைக்கழகத்தின் முதுநிலை மாணவர் ஒருவர், எயிட்ஸ் நோயாளிகளிடையே உதவியோடு நிகழ்ந்த தற்கொலைகள் குறித்து ஆய்வு செய்தபோது, மரண விசாரணை அதிகாரி அவரை அழைத்துப் பெயர்களைக் கேட்டார். மாணவர் சொல்ல மறுத்தார், இறுதியில் அவருடைய நிலைப்பாடு ஏற்கப்பட்டது. இருபது ஆண்டுகளுக்குப் பின், ஒட்டாவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர் பாலியல் தொழில் குறித்த ஆய்வுக்காகச் செய்திருந்த ஒரு நேர்காணலைக் கொலை வழக்கொன்றுக்காகப் பொலிஸார் பெற முயன்றபோது, 2014 இல் கியூபெக் மேல் நீதிமன்றம் இரகசியத்தின் பக்கம் நின்றது. எல்லா வழக்கிலும் இப்படித்தான் முடியும் என்ற உத்தரவாதம் சட்டத்தில் இல்லை. ஆகவே, “யாருக்கும் சொல்ல மாட்டேன்” என்று எழுதும் முன் எதுவரை அதைக் காப்பாற்ற முடியும் என்று யோசிக்க வேண்டும்.

ஆய்வாளரின் சொந்த நலனும் கடமையும் மோதும் நலன் முரண்பாடு பற்றிய அலகை விரைவாகக் கடந்துவிடலாம். கனடாவின் பழங்குடிகளான முதற்குடிகள், இனுவிட், மெற்றி மக்களிடையே செய்யும் ஆய்வு பற்றிய கடைசி அலகை அப்படிக் கடக்கக் கூடாது. 1942க்கும் 1952க்கும் இடையில் மானிரோபா மாகாணத்தின் வடபகுதிச் சமூகங்களிலும், பின்னர் பழங்குடிப் பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்து வைத்த ஆறு வதிவிடப் பள்ளிகளிலும், பசியோடிருந்த பழங்குடி மக்கள் மீது ஒப்புதலின்றி ஊட்டச்சத்துப் பரிசோதனைகள் நடத்தப்பட்டதை வரலாற்றாய்வாளர் இயன் மொஸ்பி 2013 இல் வெளிக்கொணர்ந்தார். ஒரு பள்ளியில், ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அடிப்படை வேண்டும் என்பதற்காகவே, பரிந்துரைக்கப்பட்ட அளவில் பாதிக்கும் குறைவான பாலே பிள்ளைகளுக்கு இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கொடுக்கப்பட்டது. தனிநபரின் ஒப்புதலோடு சமூகத்தின் பங்கேற்பையும் இந்த அலகு ஏன் வலியுறுத்துகிறது என்பது இதை அறிந்த பின் விளங்கும். தரவு யாருக்குச் சொந்தம், யார் அதை வைத்திருப்பது என்று அது எழுப்பும் கேள்விகளைப் புலம்பெயர் சமூகங்களிடையே வேலை செய்பவர்களும் தங்களிடம் கேட்டுக்கொள்ளலாம்.

குறைகள் இரண்டு. மருத்துவர், பொறியியலாளர், சமூகவியலாளர் எல்லோருக்கும் ஒரே பாடம் என்பதால், நேர்காணல், அவதானிப்பு போன்றவற்றின் வழியே செய்யும் பண்புசார் ஆய்வுக்கெனத் தனி அலகு இல்லை. நேர்காணலின் நடுவே ஒருவர் அழத் தொடங்கினால் ஒலிப்பதிவை நிறுத்துவதா, தெரிந்தவரின் தாயை நேர்காண்பது சரியா என்ற கேள்விகளோடு வருபவருக்கு இங்கே அதிகம் கிடைக்காது. அடுத்து, பாடம் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் மட்டுமே உள்ளது. தமிழ்ச் சமூகத்திலிருந்தே ஆய்வு உதவியாளராகச் சேர்க்கப்படும் அம்மாக்களுக்கு இதை யாராவது பக்கத்தில் இருந்து விளக்க வேண்டியிருக்கிறது.

இருந்தாலும், இலவசமாகக் கிடைப்பவற்றில் இதைத் தாராளமாகப் பரிந்துரைப்பேன். கனடாவுக்கு வெளியே உள்ளவர்கள் தங்கள் நாட்டு விதிகளையும் தங்கள் நிறுவனத்தின் அறநெறிக் குழு கேட்பதையும் தனியே பார்த்துக்கொள்ள வேண்டும். முதலில் கொள்கை அறிக்கையின் பண்புசார் ஆய்வு பற்றிய பத்தாம் அத்தியாயத்தைப் படித்துவிட்டு, சொந்த ஆய்வுத் திட்டத்தின் நகலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இரண்டு மூன்று அமர்வுகளாகப் பாடத்தைச் செய்தால் விண்ணப்பத்தின் பாதி அங்கேயே எழுதப்பட்டுவிடும்.