ஆல்ஃபாவா, ஹோண்டாவா: என்ஜினுக்காக வாங்கும் பழைய கார் கிட்கள்

என்ஜினை முழுமையாகக் கட்டிப் பார்க்கும்படியான பழைய கார் கிட் (பாகங்களைப் பொருத்திக் கட்டும் சிறு மாடல்) ஒன்றை வாங்க முடிவெடுத்தபோது, பல மாத யோசனைக்குப் பின் இரண்டு பெட்டிகளே போட்டியில் மிஞ்சின. ஒன்று, இத்தாலியின் டூரின் நகரத்துப் போச்சர் நிறுவனம் 1/8 அளவில், அதாவது உண்மைக் காரின் நீளத்தில் எட்டில் ஒரு பங்காக, தயாரித்த ஆல்ஃபா ரோமியோ 8சி 2300 மோன்ஸா. மற்றொன்று, ஜப்பானின் டாமியா 1967இல் 1/12 அளவில் வெளியிட்ட ஹோண்டா ஆர்ஏ273 ஃபார்முலா ஒன் கார். நான் ஹோண்டாவை வாங்கிக் கட்டி முடித்தேன். ஆல்ஃபாவை என் நண்பர் வாங்கினார். அதன் என்ஜினையும் சேஸியையும் (அடிச்சட்டம்) அவரோடு உட்கார்ந்து கட்டியிருக்கிறேன். அதன் உடற்பகுதியில் என் கை படவில்லை என்பதால், அந்தப் பாதியைப் பற்றி நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை.

1/25 அளவு அமெரிக்கக் கிட்களை முதலிலேயே ஒதுக்கிவிட்டேன். பானெட்டைத் திறந்தால் அவற்றிலும் என்ஜின் இருக்கிறது. ஆனால் விசிறி, பெல்ட், புல்லி எல்லாம் பெரும்பாலும் ஒரே துண்டாக வார்க்கப்பட்டிருக்கும். மோனோகிராம் 1962இல் கொண்டுவந்த 1/8 அளவு 'பிக் டி' பெரியது, கட்டுவதற்கு இன்பமானது. ஆயினும் அதன் அழகில் பெரும்பங்கு குரோம் பூச்சில் இருக்கிறது, அந்தப் பூச்சு பழசானால் மீட்பது எளிதல்ல.

அளவைப் பொறுத்தவரை ஆல்ஃபாவை ஹோண்டா நெருங்கவே முடியாது. நீளத்தில் ஒன்றரை மடங்கு என்று கேட்கும்போது சிறிதாகத் தோன்றும் வேறுபாடு, கன அளவில் மூன்று மடங்கைத் தாண்டுகிறது. கட்டி முடித்த ஆல்ஃபா ஏறத்தாழ அரை மீட்டர் நீளம் இருக்கும். ஹோண்டா மூன்றில் ஒரு மீட்டர்தான். ஆல்ஃபாவின் சக்கரங்களில் ஒவ்வொரு ஸ்போக்கையும் தனித்தனியாகக் கோத்து நிப்பிளில் (ஸ்போக்கின் முனையை இறுக்கும் சிறு திருகு) பொருத்த வேண்டும். விட்டோரியோ யானோ வடிவமைத்த உண்மையான என்ஜினில் எட்டு சிலிண்டர்களும் ஒரே வரிசையில் நின்றாலும், அவை நான்கு நான்காக இரண்டு பிளாக்குகளில் அமைந்திருக்கும். வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்ட்டுகளைச் சுழற்றும் கியர்த் தொடர் அந்த இரண்டுக்கும் நடுவே ஏறிச் செல்லும். பிஸ்டன்களின் அசைவைச் சுழற்சியாக்கும் நீண்ட கிராங்க்ஷாஃப்ட்டும் கேம்ஷாஃப்ட்டும் முறுக்கிக்கொள்ளாமல் இருக்க யானோ கண்ட வழி அது. அந்த நடு இடைவெளியும், காற்றை அழுத்தி என்ஜினுக்குள் செலுத்தும், பக்கவாட்டில் தொங்கும் சூப்பர்சார்ஜரும், அதன் விலா எலும்பு போன்ற குளிர்விப்பு வரிகளும் மாடலில் கைக்குத் தட்டுப்படும் அளவுக்குப் பெரிதாக வந்திருக்கின்றன. இயந்திரம் எப்படி இயங்குகிறது என்பதைக் கட்டிக் கட்டியே கற்றுக்கொள்ள விரும்புபவருக்கு அதைவிட நல்ல ஆசான் இல்லை என்பதை மனமார ஒப்புக்கொள்கிறேன்.

ஹோண்டாவின் பலம் வேறு இடத்தில் இருக்கிறது. அது இருக்கைக்குப் பின்னால் என்ஜின் வைத்த ஒற்றை ஆள் பந்தயக் கார் என்பதால், என்ஜினை மூடும் தகடே கிடையாது. மூன்று லிட்டர் வி12 (வி வடிவில் இரு வரிசையாகப் பன்னிரண்டு சிலிண்டர்கள்), நாற்பத்தெட்டு வால்வுகள். இரு சிலிண்டர் வரிசைகளின் நடுவிலிருந்து வெள்ளைப் பாம்புக் கூட்டம் எழுவதைப் போல மேலெழும்பி, ஒன்றையொன்று பின்னிக்கொண்டு பின்னோக்கிப் போகும் எக்ஸாஸ்ட் குழாய்கள்தாம் அந்தக் காரின் முகமே. நீங்கள் உழைத்த உழைப்பு முழுவதும் என்றென்றும் கண்ணெதிரே இருக்கிறது. ஆல்ஃபாவிலோ பானெட்டைத் தூக்கிக் காட்டினால்தான் உண்டு. குழாய்கள் ஒன்றோடொன்று சேரும் கோணத்தைக் கையேட்டுப் படத்தை மட்டும் பார்த்துப் பிடிப்பது கடினம். பசை போடாமல் எல்லாவற்றையும் ஒருமுறை பொருத்திப் பார்த்து, ஒவ்வொரு குழாயின் முனையிலும் பென்சிலால் எண் எழுதிக்கொண்ட பிறகே எனக்கு அது வசப்பட்டது.

பொருத்தத்தின் துல்லியத்திலும் ஹோண்டா முந்துகிறது. ஆல்ஃபாவின் சேஸியில் பித்தளைத் திருகாணிகளை இறுக்கும்போது, துளையும் துளையும் நேருக்கு நேர் வராமல் அரத்தை எடுக்க வேண்டிய தருணங்கள் ஏராளம். இது குறையா, அந்தக் கிட்டின் சுபாவமா என்பதில் நானும் நண்பரும் இன்னும் ஒத்துப்போகவில்லை. கருவிகளோடு பழகியவருக்கு அந்த அர வேலையே இன்பமாக இருக்கலாம்.

இவையெல்லாம் இருந்தும், என் முடிவைத் தீர்மானித்தது வேறொன்று: அரை நூற்றாண்டாக மூடியே கிடந்த ஒரு பெட்டிக்குள் என்ன நடந்திருக்கும் என்ற கேள்வி. பழைய கிட் வாங்குபவர்கள் பாகங்கள் குறையாமல் இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்க்கிறார்கள். எண்ணிக்கை சரியாக இருந்தும் பாகம் செத்துப்போயிருக்கலாம். மென்மையான பிவிசி டயரை நெகிழ்வாக வைத்திருப்பதற்காகச் சேர்க்கும் இளக்கி, ஆண்டுக் கணக்கில் மெல்லக் கசிந்து, அது தொட்டுக்கொண்டிருக்கும் ஸ்டைரீன் பிளாஸ்டிக்கைக் கரைக்கிறது. நான் முதலில் வாங்கிய ஹோண்டாவின் பழைய பதிப்பைத் திறந்தபோது, டயர் ஒன்று தன் உறையைக் கிழித்துக்கொண்டு வெள்ளை உடற்பகுதியின் மேல் சாய்ந்து கிடந்தது. எடுத்தால் வரவில்லை, பலமாக இழுத்தபோது டயரின் பள்ளங்கள் முத்திரை குத்தியதுபோல் பிளாஸ்டிக்கில் பதிந்திருந்தன. ஸ்பார்க் பிளக்குகளுக்குப் போகும் வயர்களாகப் பயன்படுத்த வேண்டிய கருப்பு வினைல் குழாய் விரலில் பிசினாக ஒட்டியது. டெக்கால் தாள் (தண்ணீரில் நனைத்து மாடலின் மேல் ஒட்டும் எண்கள், சின்னங்கள் அச்சிட்ட தாள்) மஞ்சளித்திருந்தது. மஞ்சள் நிறத்தைப் போக்க, தாளைச் சன்னல் கண்ணாடியில் வெயில் படும்படி ஒட்டிவைப்பது பழைய உத்தி. அதனால் நிறம் ஓரளவு வெளுத்தது. ஆனால் தண்ணீரில் போட்டவுடன் டெக்கால் துண்டு துண்டாக உதிர்ந்தது. முழுமையாக இருப்பதாகச் சொல்லி விற்றவர் பொய் சொல்லவில்லை. ஒரு பாகமும் குறையவில்லை.

இங்கேதான் இரண்டு கிட்களும் பிரிகின்றன. டாமியா தன் பழைய 1/12 அச்சுகளைப் பத்திரமாக வைத்திருந்து, அவ்வப்போது மறுவெளியீடு செய்துவருகிறது. ஆர்ஏ273ம் எட்ச் செய்த (அமிலத்தால் அரித்து வடிவமைத்த) மெல்லிய உலோகத் தகடுகளைக் கூடுதலாகச் சேர்த்து மீண்டும் வந்தது. ஆகவே என் பழைய பெட்டியில் கெட்டுப்போன டயர், குழாய், டெக்கால் மூன்றையும் மறுவெளியீட்டிலிருந்து எடுத்துக்கொள்ள முடிந்தது. என்ஜின் பாகங்களைப் பழைய வார்ப்பிலிருந்தே கட்டினேன். அவற்றுக்கு ஒரு குறையும் நேர்ந்திருக்கவில்லை. டயரோடு ஒட்டாமல், வார்க்கப்பட்ட தனிச் சட்டத்திலேயே இருந்ததே அவற்றைக் காப்பாற்றியது.

போச்சரின் கதை வேறு. அந்த நிறுவனம் கைமாறிக் கடைசியில் பிரிட்டனின் ஹார்ன்பியிடம் வந்து சேர்ந்தது. 2013இல் லம்போர்கினி அவென்டாடோரோடு அந்தப் பெயர் உயிர்பெற்றது உண்மை. ஆனால் அது முன்கூட்டியே வண்ணம் பூசிய வார்ப்பு உலோக உடலோடு வரும் புதிய தலைமுறைக் கிட், பழைய ஆல்ஃபாவுக்கு அதிலிருந்து ஒரு திருகாணிகூட உதவாது. நண்பரின் பெட்டியில் எஃகுப் பாகங்கள் சிலவற்றில் துரு ஏறியிருந்தது. நான்கு டயர்களில் இரண்டின் பக்கச் சுவர் வெடித்திருந்தது. துருவை எண்ணெயும் மென்மையான உப்புத்தாளும் கொண்டு நீக்கிவிட்டோம். டயருக்கு மாற்றாக, தனியாக வார்த்துத் தரும் சிறு தயாரிப்பாளர் ஒருவரைத் தேடி, ஏழு மாதம் காத்திருந்து வாங்கினார். என்ஜினின் எட்டு சிலிண்டர்களும் அந்த ஏழு மாதம் துணி போர்த்தி மேசையில் கிடந்தன.

மறுவிற்பனையில் நிலைமை தலைகீழாக இருக்கலாம். எந்தக் கிட் எப்போது மீண்டும் வெளிவரும் என்று தெரியாத நிலையில், மறுவெளியீடு சாத்தியமான பெட்டிக்கு விலை எந்த நாளும் சரியலாம். மீண்டும் வராத பெட்டிக்கு அந்த அச்சம் குறைவு. நான் இதுவரை எந்தக் கிட்டையும் விற்றதில்லை என்பதால் இதைக் கணிப்பாக மட்டுமே சொல்கிறேன். கட்டாமல் பாதுகாப்பதற்காக வாங்குபவர் ஆல்ஃபாவையே தேர்ந்தெடுப்பது நியாயம். அப்படி வாங்கினாலும் டயர்களை வெளியே எடுத்துத் தனி உறையில் வைத்துவிடுங்கள். பெட்டியைத் திறந்தால் மதிப்பு குறையும் என்ற தயக்கத்தால் எத்தனையோ நல்ல கிட்கள் உள்ளேயே உருகிப்போயிருக்கின்றன.

கட்டுவதற்காக வாங்குபவருக்கு ஒரு செய்முறைக் குறிப்பு. புதிய டயரும் இளக்கி கலந்ததுதான். இன்று நன்றாக இருப்பது இருபது ஆண்டுகளில் ரிம்மைத் தின்னலாம். ஹோண்டாவின் நான்கு ரிம்களிலும் டயர் தொடும் இடத்தில் மெல்லிய அலுமினியப் படலத்தை ஒட்டி, அதன் விளிம்பைப் பல் குத்தும் குச்சியால் அழுத்தி மடித்த பிறகே டயரை மாட்டினேன். இப்போது ஆறு ஆண்டுகள் ஆகின்றன. போன வாரம் ஒரு டயரைக் கழற்றிப் பார்த்தேன்; படலத்தின் மேல் லேசான எண்ணெய்ப் பசை இருந்தது, அடியில் இருந்த ரிம்மில் ஒரு தடமும் இல்லை.