ஆல்ப்ஸ் ராணுவச் சாலைகள்: அசியெட்டாவா, உப்புப் பாதையா, கார்டெட்டாவா?

இத்தாலி–பிரான்ஸ் எல்லையை ஒட்டிய ஆல்ப்ஸ் முகடுகளில் ராணுவம் போட்ட மண்சாலைகள் இன்னும் நிறைய மிச்சம் இருக்கின்றன. கோவேறு கழுதைகள் பீரங்கியை இழுத்துக்கொண்டு ஏற வேண்டும் என்று வெட்டியவை என்பதால் ஏற்றம் பெரும்பாலும் 8–10 சதவீதத்துக்குள் அடங்கும், வளைவுகளும் அகலமாக இருக்கும். 2,000 மீட்டருக்கு மேலே, பெட்டிப்படுக்கையோடு, நாள் முழுக்க மவுண்டன் பைக்கில் ஓட்ட முடிவது இந்தச் சாய்வின் புண்ணியத்தில்தான்.

மூன்று நாள் கையில் இருப்பவர்கள் கடைசியில் மூன்று பாதைகளுக்கு நடுவே தடுமாறுவார்கள். உயரத்தை வைத்து முடிவெடுப்பதில் பயனில்லை. மூன்றிலும் உயரமான கணவாய்கள் 2,100 முதல் 2,500 மீட்டர் வரைதான். தண்ணீர் எங்கே கிடைக்கும், மோட்டார் வண்டிகள் எந்தக் கிழமையில் வராது, இடி இடித்தால் எந்தப் பக்கம் இறங்கலாம் என்ற மூன்று கேள்விகளில்தான் இவை பிரிகின்றன.

அசியெட்டா: நேரம் குறைவானவர்களுக்கு

டூரினிலிருந்து ரயிலில் சூசா. அங்கிருந்து கோலே தெல்லே ஃபினெஸ்ட்ரே கணவாய்க்கு (2,178 மீ) சுமார் 18.5 கி.மீ. ஏற்றம், சராசரி 9 சதவீதம். கடைசி 8 கி.மீ. மட்டும் மண். ஜீரோ தித்தாலியா என்ற இத்தாலிய சைக்கிள் பந்தயம் 2005 முதல் பலமுறை போன ஏற்றம் இது. மூன்று பாதைகளிலும் கால்களை ஒடிப்பது இந்த ஒரு காலைப்பொழுதுதான். மறுபுறம் பியான் தெல் ஆல்பே வரை இறங்கியதும் முகட்டுச் சாலை தொடங்கும். அசியெட்டா (2,472 மீ), லவுசோன் (சுமார் 2,500 மீ), பாசெட் (2,424 மீ) கணவாய்களைத் தொட்டுக்கொண்டு செஸ்த்ரியேர் வரை போகும். 1747 ஜூலை 19-ல் பிரெஞ்சுப் படையைப் பியட்மான்ட் படை தடுத்து நிறுத்திய மேடு வழியிலேயே இருக்கிறது.

மூன்றிலும் தரை நல்லதாக இருப்பது இங்கேதான். 45–50 மி.மீ. டயர் போட்ட கிராவல் பைக்கே (மண்சாலைக்கான சைக்கிள்) போதும். தொல்லை தூசிதான். ஜூலை, ஆகஸ்டில் மோட்டார் சைக்கிளும் ஜீப்பும் வரிசை கட்டும். அந்த இரண்டு மாதங்களில் புதன், சனி காலை 9 முதல் மாலை 5 வரை மோட்டார் வண்டிகளுக்குத் தடை. எனவே செவ்வாய்க்கிழமை சூசாவில் கிளம்பி, புதனன்று முகட்டில் இருப்பதுபோல் நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். முகட்டில் தண்ணீரை நம்ப முடியாது. மூன்று லிட்டர் சுமந்துதான் ஆக வேண்டும். வானம் கறுத்தால் பிளெஜியேர், பாசெட் கணவாய்களிலிருந்து சவுஸ் தூல்க்ஸ் பக்கம் இறங்கலாம். இந்த வசதி மற்ற இரண்டு பாதைகளிலும் இவ்வளவு தாராளமாக இல்லை.

உப்புப் பாதை: முதல் தடவை போகிறவர்கள் இதைத்தான் எடுக்க வேண்டும்

லிமோனே பியமோன்தே ரயில் நிலையத்திலிருந்து தெந்தா கணவாய் (1,871 மீ), அதன் மேலுள்ள பழைய இத்தாலியக் கோட்டை, போவாரியா கணவாய், அப்புறம் கோலே தெய் சிஞ்ஞோரி (2,111 மீ). அங்கே தோன் பார்பெரா மலைவிடுதியில் முதல் இரவு. லிமோனேயிலிருந்து மோனெசி ஊர் வரையான மண்சாலை கிட்டத்தட்ட 39 கி.மீ. தெந்தா, லா பிரீக் ஊர்கள் 1947-ல் பிரான்சுக்குப் போனதால் சாலை இரண்டு நாட்டுக்குள்ளும் புகுந்து புகுந்து வரும். இரண்டுமே ஷெங்கன் நாடுகள், ஒரே விசா போதும்.

இரண்டாம் நாள் சக்கரெல்லோ மலை (சுமார் 2,200 மீ), அங்கிருந்து கொல்லார்தெந்தே, சான்சோன் வழியாகக் கொல்லா மெலோசா (1,540 மீ). மூன்றாம் நாள் முரத்தோனே, கோலா தி கௌத்தா என்று காட்டுக்குள் இறங்கி வென்டிமிலியா கடற்கரை. அங்கிருந்து மலைரயிலில் லிமோனேவுக்கே திரும்பலாம். சுற்றிவர வேண்டிய வேலையே இல்லாத இந்த அமைப்பு மற்ற இரண்டுக்கும் கிடையாது. என் ஓட்டு இதற்கு விழப் பாதிக் காரணம் அதுதான்.

செவ்வாய், வியாழன் இரண்டு நாளும் லிமோனே–மோனெசி பகுதியில் மோட்டார் வண்டிகள் கிடையாது. மற்ற நாட்களிலும் அவற்றுக்குக் கட்டணமும் எண்ணிக்கை வரம்பும் உண்டு.

இனி ஆபத்துகள். இந்த வழியிலுள்ள மார்குவாரெய்ஸ் மலைப்பகுதி முழுக்கச் சுண்ணாம்புப் பாறை. பெய்த மழை வெடிப்புகள் வழியே நிலத்துக்குள் போய்விடும். மேலே ஓடை நிற்காது. தெந்தா கணவாயைத் தாண்டினால் மலைவிடுதி வரை கையில் இருப்பதுதான் தண்ணீர். அதே சுண்ணாம்புக் கல் விளிம்பு கூராக உடையும், டயரின் பக்கச்சுவரைக் கிழிக்கும். டயருக்குள் ஊற்றும் பஞ்சர் அடைப்புத் திரவம் (சீலன்ட்) அடைக்காத கிழிசல் இது. உள்ளே வைக்கப் பழைய டயர்த் துண்டு ஒன்றும் ஒரு டியூபும் அவசியம். போவாரியாவுக்கும் சிஞ்ஞோரிக்கும் நடுவே ஓட்டி இறங்கத்தக்க வழி மிகக் குறைவு. ஜூலை, ஆகஸ்டில் மதியத்துக்குப் பின் இடிமழை வாடிக்கை என்பதால் மதியம் ஒரு மணிக்குள் விடுதியைத் தொட்டுவிட வேண்டும். சக்கரெல்லோவின் இறக்கம் முரட்டுக் கல். கிராவல் பைக்காரர்கள் அங்கே நடப்பார்கள்.

கார்டெட்டா: கூட்டம் பிடிக்காதவர்களுக்கு

ஸ்தூரா பள்ளத்தாக்கின் தெமோன்தே ஊரிலிருந்து ஆர்மா ஓடையோரம் ஏறி வால்காவேரா (2,416 மீ). அங்கிருந்து மண்சாலையில் பாந்தியா, மார்கெரீனா கணவாய்கள் வழியாகக் கார்டெட்டா மலைவிடுதி (2,335 மீ). ரோக்கா லா மேயாவைச் சுற்றும் பகுதியில் சாலை சரிந்து குறுகிய இடங்களில் தள்ளித்தான் போக வேண்டும். 1930-களின் பதுங்கு குழிகள் வழியெங்கும் கிடக்கின்றன. பிரெய்த் வழியாக மாய்ரா பள்ளத்தாக்கில் இறங்கி, எல்வா, சம்பெய்ரே கணவாய் (2,284 மீ) ஏறினால் ‘பீரங்கிச் சாலை’யைப் பிடிக்கலாம். அது முகட்டோடு கிழக்கே வால்மாலா வரை கொண்டுவிடும்.

மேய்ச்சல் நிலம் என்பதால் ஊற்றும் தொட்டியும் உண்டு, ஆனால் வடிகட்டாமல் குடிக்கக் கூடாது. ஆட்டு மந்தைக்குக் காவல் இருக்கும் வெள்ளை நாய்கள்தான் இங்கே உண்மையான சிக்கல். ஓநாயை விரட்ட வளர்ப்பவை, வேகமாக வரும் சைக்கிள் அவற்றுக்குப் பிடிக்காது. இறங்கி, சைக்கிளை நாய்க்கும் உங்களுக்கும் நடுவில் பிடித்து, மந்தையைச் சுற்றி மெதுவாக நடங்கள்.

வண்டி, உதிரிகள்

மூன்றிலும் பெரும்பாலும் ஒரே மாதிரி இடங்களில்தான் பஞ்சர் ஆகும். மழைநீர் வடியச் சாலைக்குக் குறுக்கே சாய்வாகப் பதித்த கல் வாய்க்கால்கள் அவை. முன்சக்கரத்தைத் தூக்கித் தாண்டிவிடுவார்கள். பை கட்டிய பின்சக்கரம் முழு எடையோடு விளிம்பில் இடிக்கும். வாய்க்காலுக்குச் செங்குத்தாக வண்டியைத் திருப்பி, பெடலில் எழுந்து நின்று தாண்டினால் ரிம் தப்பும். ஆளும் பையும் சேர்த்து 85–90 கிலோ இருந்தால், 2.35 அங்குல டியூப்லெஸ் டயருக்கு முன்னே 1.6 பார், பின்னே 1.9 பார் காற்று.

பிரேக் பேட் சின்டர்டு (உலோகத் தூளை அழுத்திச் செய்த) வகையாக இருக்கட்டும். மழையில் சேறும் மணலும் சேர்ந்தால் ரெசின் பேட் ஒரே இறக்கத்தில் தகடு தெரியத் தேய்ந்துவிடும். மாற்று ஜோடி இரண்டு வையுங்கள். பின்கியரை ஃபிரேமோடு இணைக்கும் கியர் ஹேங்கர் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் தனி அளவு, மலையடிவாரக் கடையில் கிடைக்காது. சிறிய கியராக முன்னே 32 பல், பின்னே 51 பல் இருந்தால் ஃபினெஸ்ட்ரேவிலும் உட்கார்ந்தே ஏறலாம்.

ஜூன் கடைசி வரை வடக்கு நோக்கிய ஓடைப்பள்ளங்களில் பனி கிடக்கும். ஜூலை நடுவிலிருந்து செப்டம்பர் நடு வரை நல்ல காலம். ஆகஸ்டில் மலைவிடுதிகள் நிரம்பிவிடும். படுக்கை, இரவு உணவு, காலை உணவு சேர்த்து முன்பதிவு செய்து, ரொக்கமும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே நுழைந்து படுக்கும் துணிப் படுக்கை உறை கேட்பார்கள், அது உங்களுடையதாக இருக்க வேண்டும்.