வாசற்படி, கூப்பன், சாக்கடை: போதைக் கணக்கில் எதை நம்பலாம்?

பாளையங்கோட்டையில் ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, "தம்பி, கடைசியா கஞ்சா எப்போ அடிச்சீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். உள்ளே ஆச்சி காதைத் தீட்டிக்கொண்டு நிற்பாள். "சீச்சீ, அந்தப் பழக்கமே கிடையாது" என்பதைத் தவிர வேறென்ன வரும்?

எத்தனை பேர் போதை எடுக்கிறார்கள் என்று வீடு வீடாகக் கேட்பதன் கோளாறு இதுதான். எய்ம்ஸின் போதை சிகிச்சை மையம் நடத்தி 2019இல் வெளியான தேசிய ஆய்வு 2 லட்சம் வீடுகள் ஏறி, 10 முதல் 75 வயது வரை 4,73,569 பேரிடம் பேசியது. மது 14.6 சதவீதம், கஞ்சா வகைகள் 2.8 சதவீதம் என்று வந்தது. மதுவின் எண்ணை, ஆண்கள் மட்டிலாவது, நம்புவேன். டாஸ்மாக் வாசலில் நிற்பவரைத்தான் ஊரே பார்க்கிறதே. கஞ்சாவின் எண்ணை 'இதற்குக் குறையாது' என்று மட்டும் எடுத்துக்கொள்வேன். பாளை மத்திய சிறையில் இருப்பவரும் ஜங்ஷன் பிளாட்பாரத்தில் படுப்பவரும் வீட்டுக் கணக்கில் வரவே மாட்டார்கள்.

ஆய்வாளர்களுக்கும் இது தெரியும். அதனால் அதே ஆய்வில் இன்னொரு வழியும் உண்டு: போதைக்கு அடிமையான ஒருவரிடம் கூப்பன் கொடுத்து, அவர் கூட்டாளிகளை அழைத்துவரச் சொல்வது. வந்தவர்களிடம் 'போன வருஷம் இன்ன மையத்தில் சிகிச்சைக்குப் போனீர்களா?' என்று கேட்பார்கள். ஒரு பேச்சுக்கு, பத்தில் ஒருவர் 'ஆமாம்' என்கிறார், மையத்தின் பதிவேட்டில் 200 பேர் என்றால், மொத்தம் 2,000 பேர். பெருக்கல் எளிது, பதிவேட்டில் ஒரே ஆள் இரண்டு பெயரில் இருந்தால் போச்சு. தனியாக ஊசி போடுகிறவர் எந்தக் கூப்பன் சங்கிலியிலும் சிக்கமாட்டார். இருந்தாலும் ஹெராயின் மாதிரி ஒளிந்து நடக்கும் போதைக்கு என் ஓட்டு இதற்குத்தான்.

போலீஸ் பிடித்த மூட்டைகளைக் கணக்காகக் காட்டுவோரும் உண்டு. அது போலீஸ் எவ்வளவு தேடியது என்பதன் கணக்கு.

ஆஸ்திரேலியா 2016 முதல் நாடளவில் சாக்கடை நீரைச் சோதிக்கிறது. கொகெய்ன் உடம்பில் சிதைந்து சிறுநீரில் வரும் பொருளை அளந்து, ஊர் எவ்வளவு உட்கொண்டது என்று பின்னோக்கிக் கணக்குப் போடுகிறார்கள். சாக்கடை வெட்கப்படாது, பொய்யும் சொல்லாது. ஆனால் நூறு பேர் ஒருமுறையா, பத்துப் பேர் பத்து முறையா என்று அதற்குத் தெரியாது. அப்புறம், நம் பக்கத்துக் கிராமங்களில் வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க். வருஷக்கணக்கில் தேங்கியதை லாரி உறிஞ்சிக்கொண்டு போகிறது. அதில் எந்த நாளின் போதையை அளப்பது?