ராத்திரிக்குப் புட்டிப் பாலா, படுக்குமுன் ஒரு தாய்ப்பாலா?

"படுக்கும்போது ஒரு புட்டி பவுடர் பால் குடு, விடியவிடியத் தூங்கும்." யாங்கூனில் பிள்ளை பெற்ற வீட்டுக்கு வரும் பெரியம்மாக்கள் எல்லாரும் சொல்வது இது. பவுடர் பால் மெதுவாகச் செரிப்பது உண்மைதான். அதற்காகப் பிள்ளை எழும்பாது என்று உறுதி கிடையாது. வேலையோ இரட்டிப்பு. தண்ணீரைக் கொதிக்கவைத்து, 70 டிகிரிக்குக் குறையாத சூட்டில் கலக்கி, அப்புறம் ஆற்ற வேண்டும். கரண்டு போன ராத்திரியில், மெழுகுவத்தி வெளிச்சத்தில், அழுகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு பவுடரை அளந்து பாருங்கள், தெரியும். போதாததற்கு, பால் சுரக்கவைக்கும் புரோலாக்டின் என்ற ஹார்மோன் இரவில்தான் அதிகம். ராத்திரிப் பால் தொடர்ந்து தவறினால் சுரப்பும் குறையும்.

இன்னொரு வழி: சாயங்காலம் அடிக்கடி ஊட்டிவிட்டு, நீங்கள் படுக்குமுன், பத்து பத்தரைக்கு, பிள்ளையை அரைத்தூக்கத்திலேயே எடுத்துப் பால் கொடுத்து, மல்லாக்கப் படுக்கவைப்பது. விளக்கு வேண்டாம், கொஞ்சலும் வேண்டாம். சில பிள்ளைகள் மூன்று மணி வரை அசையாது, சிலதிடம் பலிக்காது. என் ஓட்டு இதற்கே. பச்சைப் பிள்ளை பசித்து எழும்புவது இயல்பு; எடை ஏறாத பிள்ளைக்கு ராத்திரிப் பாலைக் குறைக்கவே கூடாது. கஞ்சித் தண்ணியா? ஆறு மாதம் வரை யார் சொன்னாலும் வேண்டாம்.