போர்ட்டுக்குப் பெயர் வைத்து ஆறு வருஷம்

மருத்துவமனை ஒன்றில் நெட்வொர்க் பார்க்கிறேன். பெரும்பாலும் சிஸ்கோ கேட்டலிஸ்ட் 2960, 48 போர்ட் ஸ்விட்சுகள் (கட்டடத்தின் நெட்வொர்க் வயர்கள் வந்து சேரும் பெட்டிகள்; வயரைச் செருகும் துளைதான் போர்ட்). ஒரு மாடியில் மட்டும் பழைய எச்பி புரோகர்வ் ஸ்விட்ச். ஆறு வருஷமாக ஸ்விட்சின் செட்டிங்கிலேயே ஒவ்வொரு போர்ட்டுக்கும் பெயர் எழுதி வருகிறேன். இதை ஆரம்பிக்க வைத்தது நான் செய்த ஒரு தவறு.

இரண்டாம் மாடி ரேக்கில் 37ஆம் போர்ட்டுக்குப் பெயர் இல்லை, நாலு நாளாக லிங்க்கும் இல்லை, அதாவது மறுமுனையில் எந்த மெஷினும் ஓடவில்லை. சும்மா கிடக்கிறது என்று நினைத்து கேமரா விலானுக்கு, அதாவது கேமராக்களுக்கென்று பிரித்து வைத்த தனி நெட்வொர்க்குக்கு, மாற்றிவிட்டேன். திங்கட்கிழமை காலை வார்டிலிருந்து போன்: "தம்பி, ஸ்கேன் மெஷின் படம் அனுப்ப மாட்டேங்குது, பேஷன்ட்டுங்க உக்காந்திருக்காங்க." வாரத்தில் ஒருநாள் மட்டும் அந்த அல்ட்ராசவுண்ட் மெஷினைத் தள்ளிக்கொண்டு வந்து, கட்டிலுக்குப் பின்னால் சுவரில் இருக்கும் ஐஓ பாக்ஸில் (நெட்வொர்க் வயர் செருகும் பாக்ஸ்) செருகுவார்களாம். அந்த வயர் எந்த போர்ட்டுக்கு வருகிறது என்று கண்டுபிடிக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. அத்தனை நேரமும் அங்கே காத்திருந்தவர்களில் கர்ப்பிணிகளும் இருந்தார்கள்.

முதல் வருஷம் வைத்த பெயர்கள் பாதி வீண். அந்த இடத்தில் உட்காருபவர் பெயரை எழுதினேன். ஆள் மாறியதும், சீட் மாறியதும் பெயர் பொய்யானது. பெயரே இல்லாத போர்ட்டை விட இது மோசம், ஏனென்றால் அதை நம்பி வேலை செய்துவிடுவோம். சுவரில் பதித்த பாக்ஸ் நகராது. அதனால் இப்போது மாடி, அறை, ஐஓ எண் இவைதான் பெயர்: 'எஃப்2-லேப்-ஐஓ14'. எந்த மெஷின் என்பது அதற்குப் பின்னால்தான்.

இந்த வரிசைக்கு இன்னொரு காரணமும் உண்டு. சிஸ்கோவில் போர்ட் பெயரை எழுதும் 'டிஸ்கிரிப்ஷன்' கட்டளையில் நீளமாக எழுதலாம். ஆனால் நாம் தினமும் பார்க்கிற 'ஷோ இன்டர்ஃபேஸஸ் ஸ்டேட்டஸ்' பட்டியலில் முதல் 18 எழுத்துதான் தெரியும், மீதி வெட்டுப்படும். முழுசாகப் பார்க்க 'ஷோ இன்டர்ஃபேஸஸ் டிஸ்கிரிப்ஷன்' அடிக்க வேண்டும். இடம் முதலில் இருந்தால் அவசரத்துக்கு அதுவே போதும். புரோகர்வில் இதே வேலைக்கு 'நேம்' என்று கட்டளை. எல்லா ஸ்விட்சிலும் ஒரே மாதிரி இருக்கட்டும் என்று ஸ்பேஸ் விடாமல் ஹைஃபன் போடுகிறேன். தமிழில் எழுத ஆசைதான். ஆனால் கண்காணிப்பு மென்பொருள்கள் ஸ்விட்சிடம் தகவல் கேட்கும் முறையான எஸ்என்எம்பி இந்தப் பெயரை 'இஃப்ஏலியஸ்' என்ற இடத்தில் வைக்கிறது. அது ஆஸ்கி எழுத்துகளுக்கானது (ஆங்கில எழுத்து, எண், குறிகள்), 64 எழுத்து வரைதான்.

உண்மையான பலன் கிடைத்தது லிப்ரென்எம்எஸ் என்ற நெட்வொர்க் கண்காணிப்பு மென்பொருளைப் போட்ட பிறகு. அது இஃப்ஏலியஸைப் படித்து போர்ட்டுக்குப் பக்கத்திலேயே காட்டுகிறது. முன்பு இரவு இரண்டு மணிக்கு ஒரு போர்ட் விழுந்தால் எண் மட்டும் வரும். இப்போது 'எஃப்1-ஐசியு-ஐஓ3' என்று வருகிறது. எழுந்து ஓட வேண்டுமா, காலையில் பார்த்துக்கொள்ளலாமா என்று படுக்கையிலேயே தெரிந்துவிடும்.

கவனிக்க வேண்டியது ஒன்று: எழுதி முடித்ததும் 'ரைட் மெமரி' அடித்து சேவ் பண்ண வேண்டும். ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து 40 பெயர் அடித்துவிட்டு சேவ் பண்ணாமல் போனேன். ராத்திரி யுபிஎஸ் பேட்டரி கைவிட்டது. காலையில் ஒரு பெயரும் இல்லை. ஒரு ஸ்விட்சை இன்னொன்றோடு இணைக்கும் அப்லிங்க் போர்ட்டுகளை மட்டும் மாதம் ஒருமுறை எல்எல்டிபி நெய்பர்ஸ் பட்டியலோடு (எதிரே இணைந்திருப்பது எது என்று ஸ்விட்ச் காட்டும் பட்டியல்) ஒப்பிடுகிறேன். எதிர்முனை ஸ்விட்ச் தானாகச் சொல்லும் பெயரும் நான் எழுதியதும் ஒத்துப்போகவில்லை என்றால், யாரோ பேட்ச் கார்டை (ரேக்கில் செருகும் சின்ன வயர்) மாற்றியிருக்கிறார்கள்.

ரேக் கதவில் ஒட்டிய எக்செல் தாள் போதுமே என்று சிலர் கேட்கிறார்கள். எங்களிடமும் இருந்தது, கடைசியாக அதைத் திருத்தியது யாரென்று ஒருவருக்கும் நினைவில்லை. போர்ட்டை மாற்றும் அதே திரையில் பெயரையும் மாற்றினால் இன்னொரு இடத்தைத் தேடிப் போக வேண்டாம்.

மூன்றாம் மாடி ரேக்கில் இன்னும் 11 போர்ட் பெயரில்லாமல் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை ஓபி கிடையாது. வயரின் மறுமுனையைத் தேட உதவும் டோனர் கருவியை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு பாக்ஸாகப் போகப் போகிறேன்.